பதினான்கு வளைவுகளும் ஒரு கிளட்சும்

1. செவ்வாய்க்கிழமை வந்த போன்

தீபாவளிக்கு மறுவாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். கடைக்குப் பின்னால் ஒரு வேனின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. குணாளன். ஒன்பது மாதங்களுக்கு முன் நாங்கள் விற்ற சிவப்பு ஹேட்ச்பேக்கின் சொந்தக்காரர்.

"அண்ணே, காடிய எடுத்துக்கிறீங்களா?"

"என்னாச்சு தம்பி? சத்தம் ஏதும் வருதா?"

"காடிக்கு ஒண்ணும் இல்லண்ணே. அது நல்லாத்தான் இருக்கு."

"பெறகு?"

போனில் அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"என்னால ஓட்ட முடியல. நீங்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கணும். புஷ்பாவுக்கு மேனுவல் ஓட்டத் தெரியாது."

நான் பன்னிரண்டு வருடம் பட்டறையில் போமனாக, அதாவது மெக்கானிக்காக இருந்தேன். அதன் பிறகு பத்தொன்பது வருடம் ஜொகூர் பாரு பக்கத்தில் தம்போயில் ஒரு பழைய கார் கடையில் கார் பரிசோதிக்கும் வேலை. முதலாளி வாங்குவதற்கு முன் காரைப் பார்ப்பது என் வேலை. விற்பதற்கு முன் வாடிக்கையாளரை உட்காரவைத்து டெஸ்ட் டிரைவ் கூட்டிப் போவதும் என் வேலை. தினமும் வேலைக்குப் போகவேண்டும், ஓட்டுவதற்கு ஜாலியாகவும் இருக்கவேண்டும், விலையும் கைக்கு அடங்கவேண்டும், எந்த ஹாட் ஹேட்ச் வாங்கலாம் என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பல் டாக்டர்கூட என்னை வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு நான் எழுதி வைத்திருக்கும் பதில் குணாளனின் கதைதான். வேறு பதில் என்னிடம் இல்லை.

2. வளைவுகள்

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண சின்னக் காரில் கொஞ்சம் பெரிய மூச்சுள்ள இஞ்சினை வைத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, கம்பெனியே விற்பதுதான் ஹாட் ஹேட்ச். பெரும்பாலும் வாங்கியவருக்கு முதல் குழந்தை பிறந்ததும் எங்கள் கடைக்கு வந்து சேரும். வருவதற்குள் முதல் ஓனர் தன் கைவரிசையைக் காட்டியிருப்பார். அதனால் டயரின் உள்விளிம்பு தேய்ந்திருக்கிறதா, டர்போ புகை விடுகிறதா, அடித்தட்டு உரசியிருக்கிறதா, இஞ்சின் நம்பர் கிராண்ட் என்கிற பதிவுப் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். இவற்றை யாரும் கற்றுக்கொள்ளலாம். நான் கற்றுக்கொள்ளாதது வேறு.

என் முதலாளியை ஹாஜி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவர். வெள்ளத்தில் மூழ்கிய காரை ஹாஜி ஒருபோதும் விற்றதில்லை. நான் எழுதும் பரிசோதனைத் தாளை டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கவேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பத்தொன்பது வருடத்தில் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஹாட் ஹேட்ச்சுகளுக்கு மட்டும் தனியாக ஒரு டெஸ்ட் டிரைவ் பாதை வைத்திருந்தோம். அது ஹாஜியின் யோசனை இல்லை, என்னுடையது. தம்போயிலிருந்து ஸ்கூடாய் தாண்டி பொந்தியான் பக்கம் போய், பெக்கான் நானாஸ் வருவதற்கு முன் ஒரு உள்சாலையில் திரும்பவேண்டும். முதலில் செம்பனைத் தோட்டம், பிறகு அன்னாசி. மொத்தம் பதினான்கு வளைவுகள். எல்லாவற்றுக்கும் நோட்டில் நம்பர் போட்டிருந்தேன். மூன்றாவது வளைவுக்கு இரண்டாம் கியர் போதும். ஏழாவதில் உள்ளே நுழையும்போதே வெளியே போகும் வழி முழுதும் தெரியும். ஆக்சிலேட்டரை நம்பி மிதிக்கலாம். காரின் குணம் அங்கேதான் தெரியும். பதினொன்றாவதில் ஒரு பள்ளம், சஸ்பென்ஷனுக்குச் சோதனை. முடித்துக்கொண்டு பெக்கான் நானாஸில் ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ. வரும்போது பெரிய சாலை.

ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்த காலத்தில் வெள்ளி காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். விடுமுறை சனி, ஞாயிறாக மாறியபோது நானும் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். காலியான சாலையில் ஓட்டுவதுதான் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

நோட்டில் தேதி, கார், ஓட்டியவர் பெயர் எழுதுவேன். கடைசிக் கட்டத்தில் அவர் எந்த வளைவில் சிரித்தார் என்று குறிப்பேன். குணாளன் வருவதற்கு முன் இருபத்திரண்டு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். இருபத்திரண்டு பேரும் வாங்கினார்கள்.

"சந்திரா, நீ சேல்ஸ்மேனே இல்ல," என்பார் ஹாஜி. "ஆனா என் சேல்ஸ்மேன் ஒருத்தனும் உன்கிட்ட நிக்க முடியாது."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

3. இரண்டு மணி நேரம்

குணாளன் ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தார். பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். குழாய், வால்வு, மோட்டார் என்று ஏணி ஏறிப் பார்க்கும் வேலை. வயது நாற்பதை ஒட்டி. தொடர்ந்து இரண்டு சனிக்கிழமைகள் வந்து அந்தச் சிவப்புக் காரின் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். கதவைக்கூடத் திறக்கவில்லை. மூன்றாவது சனி, தைப்பூசத்துக்கு முந்தியது. அன்று மனைவி புஷ்பாவோடு வந்தார்.

"சும்மா பாக்கத்தான்ணே வந்தோம்," என்றார்.

"சும்மா பாக்க மூணு வாரமா வர்றாரு," என்றார் புஷ்பா. "பொண்ணு பாக்க எங்க வீட்டுக்கு ஒரு தடவதான் வந்தாரு."

புஷ்பாதான் முதலில் ஏறி உட்கார்ந்தார். கிளட்ச்சை மிதித்துப் பார்த்தார். மறுபடியும் மிதித்தார்.

"அலமாக், இது என்ன, ஜிம்முக்குப் போற மாதிரி இருக்கு. ஆட்டோ இல்லையா?"

"ஆட்டோல என்ன மஜா இருக்கு?" என்றார் குணாளன்.

"மஜா கெடக்கட்டும். அண்ணே, இவருக்கு இடது முட்டி சரியில்ல. மோட்டர்சைக்கிள் ஆக்சிடென்ட்ல அடிபட்டது. மாடிப்படி எறங்கும்போது கம்பியப் புடிச்சிக்கிட்டுத்தான் எறங்குவாரு."

"அதெல்லாம் பழைய கதை லா. இப்ப எதுக்கு அது?"

அந்தக் காரில் முதல் ஓனர் ரேஸ் ஓட்டுபவர்கள் போடும் கனமான கிளட்ச்சை மாட்டியிருந்தார். என் தாளில் தெளிவாக எழுதியிருந்தேன்: "கிளட்ச் கனம். முந்தைய ஓனர் மாற்றியது. மற்றபடி குறையில்லை." என் அன்றைய டைரியில் இப்படி இருக்கிறது: "குணாளன், ஸ்கூடாய். மூன்றாவது முறை. இடது முட்டி." நான் கவனிக்கவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது. என் கையெழுத்திலேயே இருக்கிறது.

புஷ்பா ஆபீசுக்குள் தண்ணீர் குடிக்கப் போனபோது குணாளன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பதினோரு வருசமா எங்கப்பா குடுத்த காடியத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வேலைக்குப் போனா சூப்பர்வைசருக்கு. வீட்டுக்கு வந்தா புள்ளைங்களுக்கு. அந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்கு. அதையாச்சும் நல்லா ஓட்டிக்கிட்டுப் போறேனே."

எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லி கார் வாங்கியிருக்கிறார்கள். இதைவிட நியாயமான ஒன்றை நான் கேட்டதில்லை.

4. ரொட்டிக் கடை

மறுநாள் ஞாயிறு. ஏழு மணிக்குக் கிளம்பினோம். அன்னாசிக் காட்டில் பனி இறங்கியிருந்தது. முதல் இரண்டு வளைவுகளில் பயந்து ஓட்டினார். மூன்றாவதில் கியரைச் சரியாக இறக்கினார். ஏழாவதில் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. நோட்டில் ஏழு என்று குறித்துக்கொண்டேன்.

பெக்கான் நானாஸில் ரொட்டி வந்தது. குணாளன் பிய்த்துக் குழம்பில் தொட்டுக்கொண்டு, வாயில் வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. டெய்லி வேலைக்கு இது ஆகுமா?"

ஹாஜி அங்கே இல்லை. சேல்ஸ்மேன் யாரும் இல்லை. அந்த மாதம் கடையில் நல்ல வியாபாரம். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. பதினான்கு வளைவுகளில் கிளட்ச்சை எத்தனை முறை மிதிக்கவேண்டியிருக்கும் என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன், நாற்பது சொச்சம். திங்கட்கிழமை காலை ஸ்கூடாயிலிருந்து பாசீர் கூடாங் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை மிதிக்கவேண்டியிருக்கும் என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. ஆனாலும் முப்பத்தொரு வருடம் கார்களோடு இருந்தவனுக்கு அது தெரியாதா?

அவர் முகத்தில் ஏழாவது வளைவு இன்னும் இருந்தது. நோட்டில் இருபத்து மூன்றாவது வரி பாதி எழுதிய நிலையில் இருந்தது.

"நல்லா ஆகும் தம்பி," என்றேன்.

அவர் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

5. திங்கட்கிழமைகள்

இந்தப் பகுதியில் ஒரு நாளைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. குணாளனும் புஷ்பாவும் பின்னால் சொன்னதைத் தேதிவாரியாக அடுக்கி எழுதுகிறேன்.

முதல் மாதம் டிராஃபிக் ஜேம்கூட அவருக்கு இனித்திருக்கிறது. ரேடியோவை அணைத்துவிட்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவாராம். நோன்பு மாதத்தில் சாயங்கால ஜேம் மோசமானது. எல்லோரும் நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடுகிற நேரம். மிதி, பாதி விடு, பத்தடி நகரு, மறுபடியும் மிதி. வீட்டுக்கு வந்ததும் காரை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பாட்டு கேட்கிறார் என்று புஷ்பா நினைத்திருக்கிறார்.

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து எண்ணெய் மாற்றக் கடைக்கு வந்தார். இறங்கி நடந்ததைப் பார்த்தேன்.

"தம்பி, முட்டி வலிக்குதா?"

"இல்லண்ணே. கொஞ்சம் புடிச்சிக்கிட்டு இருக்கு."

"இந்தக் கிளட்ச்ச எடுத்துட்டு ஸ்டாண்டர்ட் கிளட்ச் போட்ருவோமா? ஒரு நாள் வேல."

"வேணாம்ணே. அந்த ஃபீல் போயிரும்."

நான் மறுபடி கேட்கவில்லை. வற்புறுத்தினால் ரொட்டிக் கடையில் சொன்னது பொய் என்று நானே ஒப்புக்கொள்வதாகிவிடும். அன்றைய டைரியில் எண்ணெய் மாற்றியது மட்டும் இருக்கிறது.

அதற்குப் பிறகு முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு ஓட்டினார். பள்ளி விடுமுறையில் ஜேம் குறைந்தபோது வலியும் குறைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தார். பள்ளி திறந்ததும் இடது தொடையை இடது கையால் அழுத்திக்கொண்டு கிளட்ச் மிதிக்க ஆரம்பித்தார். பக்கத்து லேனில் மோட்டர்சைக்கிளில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "என்ன அண்ணே, கால் மரத்துப் போச்சா?" என்று கேட்டதை குணாளன் எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். கூடவே நானும் சிரித்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட்டில் வேலையிடத்தில் ஏணியின் நான்காவது படியில் முட்டி மடங்கிவிட்டது. பெரிய உயரமில்லை. கீழே நின்றவர் பிடித்துக்கொண்டார். கம்பெனி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஏணி ஏறக் கூடாது என்று எழுதிவிட்டார். ஏணி ஏறாத மெயின்டனன்ஸ் ஆள் எதற்கு? இரண்டு மாதம் ஸ்டோர் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். தீபாவளிக்கு முன்பே சொல்லிவிட்டார்கள், காண்ட்ராக்ட் முடிந்தால் புதுப்பிக்க மாட்டோம் என்று.

6. நான் காரை எடுக்கப் போனது

போன் வந்த மறுநாள் ஸ்கூடாய் போனேன். குணாளன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். இடது கால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் இருந்தது. மேசையில் தீபாவளி முறுக்கு மிச்சமிருந்தது. புஷ்பா தட்டில் வைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அண்ணே, அன்னைக்கு நான் முட்டியப் பத்திச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சும்மா."

"அதத்தான் கேட்டேன்," என்று உள்ளே போய்விட்டார்.

நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன்.

"அவ சும்மா பேசுவா. விடுங்கண்ணே," என்றார் குணாளன். "வாங்குனது நான்தானே? நீங்களா மிதிச்சீங்க?" சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். கையை எடுக்கவில்லை. "ஒண்ணு கேட்டா செய்வீங்களா? இன்னைக்கு எடுக்காதீங்க. ஞாயித்துக்கிழம வாங்க. அந்த ரோட்ல ஒரு தடவ போயிட்டு வந்துரலாம்."

ஞாயிறு காலை ஆறரைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். நான் ஓட்டினேன். அவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார், காலை நீட்டிக்கொண்டு. முதல் வளைவுக்கு முன் நான் கிளட்ச்சை மிதித்தபோது அவருடைய வலது கை கியர் கம்பியின்மேல் வந்தது. நான் என் கையை எடுத்துவிட்டேன். நான் மிதித்தேன், அவர் மாற்றினார். மூன்றாவதில் இரண்டாம் கியர் என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. பதினான்கு வளைவுகளும் அப்படியே போனோம். நான் மிதிப்பதற்கும் அவர் மாற்றுவதற்கும் ஒரு முறைகூட இடைவெளி விழவில்லை. ஏழாவதில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இப்பவும் எவ்ளோ அழகாப் போகுது பாருங்க," என்றார்.

ரொட்டிக் கடையில் நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

7. இருபத்து நான்காவது வரி

காரைக் கடைக்குக் கொண்டுவந்து, புதிதாக வந்த காரைப் பார்ப்பதுபோல் பரிசோதித்தேன். இஞ்சின் சுத்தம். டயர் சீராகத் தேய்ந்திருந்தது. அவ்வளவு நன்றாக வைத்திருந்தார். கிளட்ச் பெடலின் ரப்பரில் மட்டும் வரிகள் அழிந்து, நடுவில் முன்பாதம் பதியும் அளவுக்கு வழவழப்பாக இருந்தது. தாளில் பழைய வரிகளையே எழுதினேன். அதன் கீழே, "தினசரி ஜேமுக்கு ஆகாது" என்று சேர்த்தேன்.

ஹாஜியிடம் முழுவதும் சொன்னேன். ரொட்டிக் கடையில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம்ப்பா அந்த மனுசன். சரி, இனிமே வாங்க வர்றவங்களுக்குத் திங்கக்கிழம ஜேம்ல ஓட்டிக் காமிக்கணும்ங்கிற. அதானே? காமி. தாள கையிலயே குடு. நான் வேணாம்னு சொல்லல."

"விக்காம போச்சுன்னா?"

"நீ சொல்றதுனால எவனும் வாங்காமப் போகப் போறதில்ல, சந்திரா." அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

டிசம்பரில் அந்தச் சிவப்புக் காரைப் பார்க்க மசாயிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். ஜொகூர் பாரு டவுனில் பேங்க் வேலை. தாளை அவர் கையில் கொடுத்தேன். கிளட்ச்சை மிதிக்கச் சொன்னேன். பெயரைச் சொல்லாமல் குணாளனின் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பாவம் என்றார்.

"ஸ்டாண்டர்ட் கிளட்ச் மாத்திக் குடுத்துருவோம்மா."

"அப்ப அந்த ஃபீல் போயிராதா அங்கிள்?"

"அப்படின்னா இன்னும் முடிவு பண்ணாதீங்க. திங்கக்கிழம காலைல ஆறரைக்கு வாங்க. உங்க வீட்லேருந்து உங்க பேங்க் வரைக்கும் இதுலயே போவோம். நானும் கூட வர்றேன்."

அவர் சிரித்தார். "திங்கக்கிழம எப்படி அங்கிள் வர முடியும்? எனக்கு வேல இருக்கே."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. வேலைக்குப் போகத்தான் கார், ஆனால் வேலைக்குப் போகும் நேரத்தில் அதை ஓட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. என் பாதை இத்தனை வருடமாகத் தோற்காமல் இருந்ததற்குக் காரணம் அந்த வளைவுகள் இல்லை, விடுமுறை நாள்.

ஞாயிறு காலை அவரைக் கூட்டிப் போனேன். கூட்டிப் போகாமல் இருந்திருக்கலாம். சேல்ஸ்மேன் கூட்டிப் போயிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். ஏழாவது வளைவில் சிரித்தார். திங்கட்கிழமை பேங்கிலிருந்தே போன் செய்து, எடுத்துக்கொள்கிறேன் என்றார். கிளட்ச் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

இருபத்து நான்காவது வரியை நான் எழுதவில்லை. அந்த வருடக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

குணாளனுக்குத் தம்போயில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கூடாயிலிருந்து பஸ்ஸில் வருகிறார். நின்றுகொண்டு வர முடியாது என்பதால் முதல் பஸ்ஸைக் கூட்டத்தோடு விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார். அவருடைய இரண்டு மணி நேரம் இப்போது மூன்றாகிவிட்டது. ஒரு நாள் அந்தக் கடையில் அவரைப் பார்த்தேன். அந்தச் சிவப்புக் காரை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். மசாயில் ஒரு பெண் என்றேன்.

"நல்லா ஓட்டுறாங்களா?"

"நல்லா ஓட்டுறாங்க."

"முட்டி?"

எனக்குத் தெரியாது என்றேன். அது பொய்யில்லை. தெரிந்துகொள்ள நான் போன் செய்யவில்லை.

எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கார் பெயர் சொல்வதில்லை. வேலை நாளில் ஒரு நாள் லீவு எடுங்கள். நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் அதே நேரத்தில், போகும் அதே சாலையில், அந்தக் காரை ஓட்டிப் பாருங்கள். வேலையிடத்து வாசலில் நிறுத்தி இறங்கி நடந்து பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் வாங்குங்கள். இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் நல்ல யோசனை என்கிறார்கள். இதுவரை ஒருவரும் லீவு எடுக்கவில்லை.